ஒரு கற்பனைத் தாங்கியின் சரித்திரம்

சென்ற தவணை முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், பத்தாந் தரத்தில் பயிலும் மாணவன் ஒருவன் தன் அப்பியாசக் கொப்பி ஒன்றை என்னிடம் தந்து, வாசித்து அபிப்பிராயம் கூறும்படி கேட்டுக்கொண்டான். கவிதையாக இருக்கும், தவறினால் சிறுகதையாக இருக்கும் என்று எண்ணியே வாங்கினேன். கல்முனைப் பகுதியில் தமிழாசிரியராக இருப்பவருக்கு இத்தகைய கொப்பிகள் வந்து சேர்வது புதுமையன்று. கவிஞர்களுக்குக் குறைவில்லாத கரை இது. ஆனால் அந்த எண்பது பக்கக் கொப்பியில் இருந்தது ஒரு யுத்தத் தாங்கியின் சரித்திரம். இல்லாத ஒரு நாட்டில், நடவாத ஒரு யுத்தத்துக்காக, எவரும் செய்திராத ஒரு நடுத்தரத் தாங்கி உருவாகிய விதமும் அது சேவை செய்த களங்களும் அதிலே விரிவாக எழுதப்பட்டிருந்தன.

வேவு பார்ப்பதற்கு இலகு தாங்கி, அரணை உடைப்பதற்குக் கனரகத் தாங்கி, இவ்விரண்டிற்கும் இடையில் எல்லா வேலைக்கும் நடுத்தரத் தாங்கி என்று சென்ற உலக யுத்தத்தில் ஒரு பாகுபாடு இருந்தது. மாணவனின் தாங்கி முப்பத்திரண்டு தொன் எடை கொண்டது. அதன் முன்தகடு எத்தனை பாகை சரிந்திருக்கிறது என்பதும், முதல் மாதிரியில் இயந்திரம் ஏன் சூடேறிற்று என்பதும், இரண்டாம் மாதிரியில் அது எவ்வாறு திருத்தப்பட்டது என்பதும் கொப்பியில் உண்டு. நான்கு மாதிரிகள், ஆறாயிரத்துச் சொச்சம் வண்டிகள், மூன்று யுத்தங்கள், இரண்டு நாடுகளுக்கு ஏற்றுமதி. இறுதியில் ஒரு நூதனசாலை. பென்சிலாற் கீறிய படங்களின் நேர்த்தியைக் கண்டு எங்கள் சித்திர ஆசிரியரே வியந்து நின்றார்.

பையனின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பரீட்சைக்கு வேண்டாத ஒன்றை இத்தனை பொறுமையோடு கற்றறியும் மாணவனை எந்த ஆசிரியரும் மகிழ்ச்சியோடுதான் வரவேற்பார். கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“மகன், மூன்று சண்டை நடந்திருக்கு. ஒருவரும் மௌத்தாகவில்லையா?”

“இழப்பு ஆயிரத்துத் தொளாயிரம் என்று போட்டிருக்கன் சேர்.”

“அது தாங்கியின் கணக்கல்லவா?”

அவன் சற்று நேரம் யோசித்தான். “இது கற்பனைதானே சேர்” என்றான்.

அந்த மறுமொழியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. கற்பனைதான், அதனாலேயே விஷயம் பாரதூரமாகிறது. உண்மைச் சரித்திரம் எழுதுபவனுக்குச் சான்று கிடைக்கவில்லை என்ற சாக்கு உண்டு. கற்பனை செய்பவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை. அவன் ஒரு நாட்டையே சிருஷ்டிக்கிறான். அந்த நாட்டுக்கு ஆலையும் இரும்பும் எண்ணெயும் கொடுக்கிறான். ஓட்டுநன் ஒருவனுக்கு ஒரு பெயரும் ஓர் ஊரும் கொடுப்பதற்கு எவ்வளவு மை செலவாகிவிடும்? அது அவனுக்குத் தோன்றவில்லையென்றால், குற்றம் அவனுடையதன்று. அவன் கற்றுக்கொண்ட எழுத்துவகைக்கே அப்படியொரு பார்வை வாய்த்திருக்கிறது. ஆயுதங்களின் ‘சேவை வரலாறு’ என்பது இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் வாசிக்கும் ஓர் இலக்கிய வகையாக வளர்ந்திருக்கிறது. நமது விமர்சகர்கள் நாவலையும் புதுக்கவிதையையும் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கையில், நம் வீட்டுப் பையன்கள் படிப்பது இதைத்தான்.

இதன் இலக்கணத்தைச் சற்று நோக்குவோம். மாணவனின் கொப்பியில் ஒரு வாக்கியம்: ‘அத்தாங்கி இரண்டு நாட்களில் நகரைக் கைப்பற்றியது.’ எழுவாய் அஃறிணை; வினை உயர்திணையாருக்கு உரியது. நகரைக் கைப்பற்றுவதற்கு ஒரு தீர்மானம் வேண்டும், ஒரு கட்டளை வேண்டும், அதற்குக் கீழ்ப்படிகிற அல்லது கீழ்ப்படிய மறுக்கிற மனிதர் வேண்டும். அவர்கள் எல்லோரும் இரும்புக்குள் மறைந்துபோயினர். மறுபுறத்தில், மனிதர் செய்த செயல்களோ செயப்பாட்டுவினையில் வருகின்றன: களமிறக்கப்பட்டது, சேவையில் சேர்க்கப்பட்டது, விற்கப்பட்டது. யார் இறக்கினார், யார் விற்றார், என்ன விலைக்கு? வாக்கியத்தில் அதற்கு இடமே இல்லை. ‘சேவை’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தாதியும் தபாற்காரரும் செய்வதற்கு நாம் வைத்திருந்த சொல் அது.

தாங்கி என்ற பெயரே ஒரு மறைப்பாகப் பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1915ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரில், விவசாய யந்திரங்கள் செய்துவந்த வில்லியம் பொஸ்டர் கம்பனியில் முதலாவது வண்டி உருவாகியபோது, இரகசியம் வெளிப்படாதிருக்கும் பொருட்டு அதனை நீர் கொண்டுசெல்லும் கலம் என்று சொல்லிவைத்தனர். அந்தப் பொய்யே பெயராக நிலைத்துவிட்டது. 1916 செப்டெம்பர் 15ஆந் திகதி பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக ஊர்ந்து வந்தது. இதில் நமக்கு ஒரு தனிச் சுவாரசியம் உண்டு. நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்றால் குளம். இங்கினியாகலையின் சேனநாயக்க சமுத்திரமும், அதிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் வந்து நம் வட்டைகளில் நெல் விளைவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். நம் தமிழிலோ தண்ணீரைத் தாங்குவது தண்ணீர்த் தாங்கி; இது யுத்தத் தாங்கி. எதைத் தாங்குகிறது என்று கேட்டால், அதற்கு விடை சொல்வதற்கு மேற்படி கொப்பியில் ஒரு பக்கமும் இல்லை.

தாங்கிக்கும் உழவு மெசினுக்கும் உள்ள உறவு பெயரளவில் நிற்பதன்று. சங்கிலிச் சில்லில் ஊரும் உழவு யந்திரத்திலிருந்தே தாங்கி பிறந்தது. 1930இல் திறக்கப்பட்ட ஸ்டாலின்கிராட் உழவு யந்திர ஆலை, முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் பெருமைகளுள் ஒன்று; 1942இல் ஜெர்மன் படை நகருக்குள் நுழையும் வரையில் அங்கிருந்து டி-34 என்னும் நடுத்தரத் தாங்கிகள் வெளிவந்துகொண்டிருந்தன. யுத்தம் முடிந்தபின் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. பிரித்தானியாவின் விக்கேர்ஸ் கம்பனி, அமெரிக்க ஷேர்மன் தாங்கியின் பாகங்களைக் கொண்டு உழவு யந்திரம் செய்து, தங்கனீக்காவில் நிலக்கடலை பயிரிடும் பெருந்திட்டத்துக்கு அனுப்பிற்று. ஆபிரிக்க மண்ணையும் மழையையும் அறியாதோர் இலண்டனிலிருந்து வகுத்த அத்திட்டம் 1951இல் கைவிடப்பட்டது. வாளைக் கொழுவாக அடித்தாலும், நிலத்தின் சொந்தக்காரனைக் கேளாமல் உழுதால் விளைச்சல் இராது போலும்.

டி-34இன் கதையை முற்போக்காளர்கள் பெருமிதத்தோடு சொல்வது வழக்கம். அப்பெருமிதத்தில் நியாயம் உண்டு. அதனை வடிவமைத்த மிகாயில் கோஷ்கின், 1940 மார்ச்சில் தம் மாதிரி வண்டிகளோடு கார்க்கோவிலிருந்து மொஸ்கோவுக்குப் பனியூடே தரைமார்க்கமாகச் சென்றார். அப்பயணத்தில் நிமோனியா கண்டு, அவ்வாண்டு செப்டெம்பரில் காலமானார். 1941இல் கார்க்கோவ் ஆலை பெயர்க்கப்பட்டு யூரல் மலைக்கப்பால் நிஷ்னி தாகில் நகரில் மீண்டும் எழுந்தது. களத்துக்குப் போன ஆடவருக்குப் பதிலாகப் பெண்களும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளும் அங்கே வேலை செய்தனர். யுத்தகாலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டி-34கள் செய்யப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதி யுத்தம் முடிவதற்குள்ளேயே அழிந்தது. வண்டி ஒன்றில் நால்வர், பின்வந்த மாதிரியில் ஐவர். பாஸிஸத்தை முறியடித்ததில் இம்மனிதருக்குள்ள பங்கை எவரும் மறுக்க முடியாது. ஆயினும், 1956 நவம்பரில் புடாபெஸ்ட் நகரின் தெருக்களில் தொழிலாளர் மன்றங்களுக்கு எதிரே வந்து நின்றதும் இதே வம்சத்துத் தாங்கிதான். முன்னதைப் பாடிவிட்டுப் பின்னதை விழுங்கிவிடும் பழக்கம் நம் பக்கத்து எழுத்திலும் இருந்தது. ‘தாங்கி விடுதலை செய்தது’ என்று எழுதப் பழகிய கை, தாங்கி வேறு வேலைக்குப் போகும்போது வாக்கியத்தை மாற்றத் தெரியாமல் தடுமாறுகிறது.

தொழில்நுட்பத்தை எழுதவே கூடாது என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். தொழில்நுட்பத்தை ஒழுங்காக எழுதினால் மனிதன் அதிலேயே தென்படுவான். அமெரிக்கர் ஏறத்தாழ நாற்பத்தொன்பதாயிரம் ஷேர்மன் தாங்கிகள் செய்தனர். தொடக்கத்தில் குண்டுகள் உள்ளே பக்கச்சுவரை அண்டி அடுக்கப்பட்டிருந்தமையால், அடிபட்ட வண்டிகளுள் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது வரையில் தீப்பற்றின. பின்னர் குண்டுகளைத் தரைப்பக்கத்துக்கு இறக்கி, நீர்க்கலவை நிரம்பிய உறைகளுக்கு நடுவே வைத்தனர். தீப்பற்றுவது நூற்றுக்குப் பத்து, பதினைந்தாகக் குறைந்தது. சேவை வரலாற்றில் இது ‘ஈரக் களஞ்சிய மாதிரி’ என்ற ஒரு வரி. அந்த வரிக்குள் எரிந்தோர் எத்தனை பேர், எரியாமல் இறங்கி வந்து கிழவராகிச் செத்தோர் எத்தனை பேர்! நீர் சுமப்பதாகப் பொய் சொல்லிப் பெயர்பெற்ற வண்டி, முப்பதாண்டு கழித்து உண்மையாகவே நீர் சுமந்தபோதுதான் தன்னுள் இருந்தவர்களைக் காத்தது. மாணவனின் மூன்றாம் மாதிரியிலும் குண்டுகள் இடம் மாற்றப்பட்டிருக்கின்றன. ஏன் மாற்றினர் என்பதற்குக் ‘கொள்ளளவு அதிகரிப்பு’ என்று காரணம் எழுதியிருக்கிறான்.

தமிழ் மண்ணிலேயே செய்யப்பட்ட தாங்கியின் கதை இன்னும் சிந்தனைக்குரியது. சென்னைக்கு அருகேயுள்ள ஆவடியை இந்திய அரசியல் படித்தோர் வேறொரு காரணத்துக்காக அறிவர். 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாநாடு, ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ அமைப்பதே இலட்சியம் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. ஆறாண்டுகள் கழிந்து 1961இல் இந்திய அரசு விக்கேர்ஸ் கம்பனியோடு உடன்படிக்கை செய்தது. தங்கனீக்காவுக்குக் கலப்பை அனுப்பிய அதே விக்கேர்ஸ்தான். கனரக வாகனத் தொழிற்சாலை அந்த ஆவடியிலேயே எழுந்தது. 1965இல் அங்கிருந்து முதல் ‘விஜயந்தா’ வெளிவந்தது. முப்பத்தெட்டுத் தொன், 105 மில்லிமீட்டர் பீரங்கி, நால்வர் அமரும் இடம், லேலண்ட் இயந்திரம். 1980களின் தொடக்கம் வரையில் ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு வண்டிகள் செய்யப்பட்டன. 1971 யுத்தத்தில் அது களங் கண்டது. இந்த அளவுக்கு எந்த நூலிலும் கிடைக்கும்.

கிடைக்காதவற்றைக் கேட்டுப் பார்ப்போம். செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து அந்த ஆலைக்கு வேலைக்குப் போன முதல் தலைமுறையினர் யார்? ஏரும் காளையும் பிடித்த கை எத்தனை மாதத்தில் பற்றவைப்புக் கற்றுக்கொண்டது? அந்நியக் கம்பனியின் வரைபடத்தை நோக்கித் தமிழ்ப் பொறியாளன் ‘இது நம் வெயிலுக்குத் தாங்காது’ என்று சொல்லியிருந்தால் யார் கேட்டார்? அரசாங்க ஆலையில் நிரந்தர வேலை என்பது ஓர் ஏழைக் குடும்பத்தில் தங்கையின் கலியாணமாகவும் தம்பியின் கல்லூரியாகவும் மாறுகிறதே, அதைத் தாங்கியின் சரித்திரத்தில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? அந்த வேலை வந்த வழி யுத்தத் தளவாடம் என்பதனால் அத்தொழிலாளியை நாம் வெறுக்க முடியுமா? முடியாது. அவனுக்குச் சோறு போடுகிறது என்பதனால் தளவாடத்தை வாழ்த்த முடியுமா? அதுவும் முடியாது. இந்த முடிச்சை அவிழ்க்க நாவலாசிரியன் ஒருவன் முன்வந்தால், தமிழுக்கு ஒரு நல்ல நாவல் கிடைக்கும்.

விஜயந்தாவின் கதை பின்னர் டி-72க்கும், ஆவடியிலேயே வடிவமைத்த அர்ஜுனுக்கும் வழிவிட்டது. அந்த விவரம் இங்கு வேண்டுவதில்லை. ஆனால் 2021ஆம் ஆண்டை மறத்தலாகாது. ஆவடி ஆலை உட்பட நாற்பத்தொரு படைக்கல ஆலைகளைக் கம்பனிகளாக மாற்ற அரசு முடிவு செய்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் அறிவித்தனர். ஜூன் 30ஆந் திகதி, பாதுகாப்புத் துறையில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அவசரச் சட்டம் வந்தது. பின்னர் அது பாராளுமன்றத்திற் சட்டமாயிற்று. ஒக்டோபர் முதலாந் திகதி ஆலைகள் ஏழு கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. தாங்கியைச் செய்த கைகள் வேலையை நிறுத்தும் உரிமையை இழந்த நாள், என் மதிப்பில், தாங்கியின் சேவை வரலாற்றுக்குள் வரவேண்டிய நாள். சேவையிலிருந்து நீங்கிய விஜயந்தாக்களோ இந்திய நகரங்களின் பூங்காக்களிலும் சந்திகளிலும் வர்ணம் பூசிக்கொண்டு நிற்கின்றன. குழந்தைகள் ஏறி விளையாடுகின்றனர்.

நம் நாட்டிலும் அத்தகைய காட்சி ஒன்று உண்டு. யாழ்ப்பாண வீதியில் ஆனையிறவைக் கடப்போர், கவசத் தகடு அறைந்த ஒரு புல்டோசர் துருவேறி நிற்பதைக் காண்பர். 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் அதனைத் தாங்கியாக மாற்றிப் படைமுகாமை நோக்கி ஓட்டி வந்தனர். அதைத் தடுத்து உயிர்நீத்த படைவீரர் காமினி குலரத்னவின் நினைவாக அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றுலா செல்வோர் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். மண் வெட்டவும் வீதி போடவும் செய்யப்பட்ட யந்திரம் அது. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியபோது, அமெரிக்க மொரிசன்-நுட்சன் கம்பனியின் மண்வாரி யந்திரங்களே இங்கினியாகலையில் அணைகட்டின. அதே இனத்து யந்திரத்துக்குள் ஏறி அமர்ந்து மரணத்தை நோக்கிச் சென்றவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகள் என்று படம் எடுப்போர் எவரும் கேட்டு நான் கண்டதில்லை. எதிர்ப்புறத்தில் நின்று இறந்தவரின் பெயராவது நமக்குத் தெரிகிறது.

என் மாணவன் யுத்தம் முடிந்தபின் பிறந்தவன். இரு பக்கத்துத் துப்பாக்கிகளுக்கும் அஞ்சி, மஃரிபுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருந்த வீடுகளில் அவனுடைய உம்மா வளர்ந்தார். அவனுக்கு யுத்தம் என்பது படம். அவனை யுத்தப்பிரியன் என்று ஏசுவது பொருந்தாது. யந்திரத்தின் மீது அவன் கொண்டிருப்பது ஒரு கம்மாளனின் காதல். அந்தக் காதலுக்கு வேறு தீனி நாம் என்ன கொடுத்தோம் என்பது ஆசிரியர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பலஸ்தீனத்தில் தாங்கியின் முன்னே நிற்பவர்களின் குரல், எம். ஏ. நுஃமானின் முயற்சியால், 1980களின் தொடக்கத்திலேயே இந்தக் கல்முனை மண் வழியாகத் தமிழுக்கு வந்துவிட்டது. எங்கள் வகுப்புகளில் அதை வாசித்தவர்கள் எத்தனை பேர்?

தாங்கிப் படையைப் பற்றி எழுதவேண்டிய முறை எது என்று கேட்டால், வசீலி குரொஸ்மனின் ‘வாழ்வும் விதியும்’ நாவலைக் காட்டுவேன். ஸ்டாலின்கிராட் களத்தில் நிருபராக இருந்தவர் அவர். அந்நாவலில் நோவிக்கோவ் என்னும் தாங்கிப்படைத் தளபதி, எதிரியின் பீரங்கிகள் இன்னும் முற்றாக ஓயவில்லை என்று கண்டு, மேலிடம் நெருக்கிக்கொண்டிருக்கையிலும், தாக்குதலை எட்டு நிமிடம் தாமதப்படுத்துகிறான். தன் பையன்கள் வீணே சாகக்கூடாது என்பதற்காக அந்த எட்டு நிமிடம். அரசியல் அதிகாரி அவனைக் கட்டித் தழுவிப் பாராட்டிவிட்டு, அதையே குற்றமாக மேலிடத்துக்கு அறிவிக்கிறான். 1961இல் இந்நாவலின் கைப்பிரதியைச் சோவியத் இரகசியப் பொலிஸ் பறிமுதல் செய்தது. குரொஸ்மன் அதனை அச்சிற் காணாமலே 1964இல் இறந்தார். எட்டு நிமிடத்துக்குச் சேவை வரலாற்றில் ஒரு நிரல் கிடையாது. தகட்டின் தடிப்பு உண்டு, பீரங்கியின் வாய் உண்டு, வேகம் உண்டு, தயக்கம் இல்லை.

இதை ருஷ்யரிடமிருந்துதான் நாம் கற்கவேண்டும் என்பதுமில்லை. தொல்காப்பியம் புறத்திணையில் போரை வகுக்கும்போது, மதில் முற்றுகையையும் தும்பையையும் சொன்ன அதே இயலில், காஞ்சித் திணையின்கீழ், கணவனை இழந்தாளின் தாபத நிலையையும் மனைவியை இழந்தானின் தபுதார நிலையையும் சேர்த்தே வைத்தது. புறநானூற்றில் ‘குதிரை மறம்’ என்றொரு துறை உண்டு. பெயரளவில் அது போர்க்குதிரையின் வீரத்தைச் சொல்வது. இக்காலத்து மொழியில், ஒரு போர்ச் சாதனத்தின் சேவை வரலாறு. அத்துறையில் எருமை வெளியனார் பாடிய பாட்டில் பேசுபவள் ஒரு மனைவி. மற்றவர்களின் குதிரைகள் எல்லாம் வந்துவிட்டன, தன் வீட்டுக் குதிரையைக் காணோம் என்று அவள் வாசலில் நின்று தவிக்கிறாள். குதிரையின் உயரமோ வேகமோ அங்கில்லை. ஆயினும் அப்பாட்டைக் குதிரையைப் பற்றிய பாட்டு என்றே நம் முன்னோர் வகைப்படுத்தினர்.

விடுமுறை கழிந்து பாடசாலை தொடங்கியதும் மாணவன் கொப்பியோடு மறுபடி வந்தான். தகடு, பீரங்கி எதையும் அவன் அழிக்கவில்லை. அழிக்கும்படி நானும் கேட்கவில்லை. நடுவில் ஒரு தாள் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டுநன் முன்பு வட்டையில் உழவு மெசின் ஓட்டியவன் என்றும், போடியாரிடம் கூலிப் பாக்கி வைத்துவிட்டுப் படைக்குப் போனவன் என்றும் அரைப் பக்கம் எழுதியிருந்தான். அதற்குமேல் ஓடவில்லையாம். தகடு அடைத்த வண்டிக்குள் மத்தியான வெயிலில் எப்படியிருக்கும் என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? அறுவடை தொடங்கியதும் வயலில் இறங்கும் வெட்டு மெசின்காரரிடம் போய்க் கேள் என்று அனுப்பியிருக்கிறேன்.